தனியே நிற்பவரின் கவிதையில் அணியைத் தேடுவது எப்படி

'நயம் பாராட்டுக' என்று வினாத்தாளில் பார்த்ததும் பிள்ளைகள் பென்சிலை எடுத்து முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் கோடு போட ஆரம்பிக்கிறார்கள். மோனை ஆயிற்று, எதுகை ஆயிற்று, 'போல' என்று ஒரு சொல் கிடைத்தால் உவமையும் ஆயிற்று. கவிதையில் பேசுகிறவருக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. மாலை வகுப்பில் நான் இந்தப் பழக்கத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டுகிறேன்.

எல்லாக் கவிதைக்கும் ஒரே வழி சொல்லப் போவதில்லை. ஒரு வகைக் கவிதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாரையோ எதையோ இழந்த ஒருவர், 'பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நிமிர்ந்து நிற்கும் கவிதை. தேர்விலும் சரி, பத்திரிகையிலும் சரி, இந்த வகை அடிக்கடி வரும். பேசுகிறவர் அழ மாட்டார். அழுதுவிட்டால் தன் காலில் நிற்பவர் என்ற தோரணை போய்விடும். ஆனால் அழுகை எங்கேயாவது கசிந்தாக வேண்டும். அது கசியும் இடம் அணிதான். வாய் ஒன்று சொல்லும், உவமை வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அறுத்துப் பார்க்க ஒரு கவிதை வேண்டும். வகுப்புக்காக நானே எழுதியதை வைத்துக்கொள்கிறேன். பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். உறுப்புகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதியது.

ஓடு மாற்றிய நாள்

அப்பா பிடித்த ஏணியைச்
சுவர் பிடித்துக்கொண்டிருக்கிறது.
நானே ஏறுகிறேன்.
கூப்பிட்டால் வருவார்கள்;
கூப்பிடவில்லை.
கடன் கொடுத்தவன்போலப்
படிக்குப் படி முணுமுணுக்கிறது ஏணி.
மழை வாசலில் நின்று
என் கையையே பார்க்கிறது.
உடைந்ததை எடுத்துவிட்டுப்
புது ஓடு வைத்தாயிற்று.
இனி ஒழுகாது.
கூடத்தில் தினமும் வந்து உட்காரும்
வெயில் வட்டத்துக்கு
இனி வழியில்லை.

முதலில் உரைநடையாக்குங்கள்

அணியைத் தேடாதீர்கள். நடந்ததை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள். அப்பா இல்லாத வீட்டில் மகளோ மகனோ தனியாக ஏணியில் ஏறி, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டுப் புது ஓடு வைக்கிறார். அந்த உடைசல் வழியாக வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்த வெயில் இனி விழாது. அவ்வளவுதான்.

இப்போது கவிதையையும் இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உரைநடைக்குள் அடங்காமல் மிஞ்சியவை என்னென்ன? சுவர் 'பிடிப்பது', கடன் கொடுத்தவன், கையைப் பார்க்கும் மழை, 'உட்காரும்' வெயில். தேட வேண்டிய அணிகள் இந்த மிச்சத்துக்குள்தான் இருக்கின்றன. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். அப்படிப்பட்ட கவிதையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் ஆறாவது இயல், உவமவியல் ஏழாவது. நூலாசிரியர் என்ன நினைத்து அந்த வரிசையில் வைத்தாரோ, எனக்கு அது வசதியாக இருக்கிறது. உணர்ச்சியைப் பிடித்த பிறகு உவமைக்குப் போவதுதான் சரி. எட்டு மெய்ப்பாடுகளில் நமக்கு இங்கே இரண்டு வேண்டும். அழுகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது நூல்: இளிவு, இழவு (இழப்பு), அசைவு, வறுமை. பெருமிதத்துக்கும் நான்கு காரணங்கள்: கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ்மை, கொடை. நம் கவிதையில் இழவால் வந்த அழுகை அடியில் கிடக்கிறது, தறுகண்ணால் வந்த பெருமிதம் மேலே நிற்கிறது. பேப்பரின் ஓரத்தில் இந்த இரண்டு சொற்களையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அணியும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.

உருபு உள்ள உவமை

இது எளிது. போல, ஒப்ப, அன்ன, மான, புரைய என்று உருபுகளைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். புதுக்கவிதையில் பெரும்பாலும் 'போல' மட்டும்தான் வரும். கண்டுபிடிப்பதில் கஷ்டமில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் ஆள் நின்றுவிடுகிறது.

'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்' என்று தொடங்குகிறது உவமவியல். செயலால் ஒப்பு, விளைவால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை பேசுகிற நாம் இந்த நூற்பாவைக் கருவியாக எடுத்துப் பயன்படுத்துவதே இல்லை. எடுத்துப் பாருங்கள், நன்றாக வேலை செய்யும்.

'கடன் கொடுத்தவன்போலப் படிக்குப் படி முணுமுணுக்கிறது ஏணி.' ஏணிக்கும் கடன் கொடுத்தவனுக்கும் வடிவில் ஒப்பு இல்லை, நிறத்தில் இல்லை. முணுமுணுப்பதில் ஒப்பு, ஆகவே வினை உவமம். பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். பயனையும் கேளுங்கள். கடன் கொடுத்தவன் முணுமுணுத்தால் என்ன விளையும்? கொடுக்க வேண்டியது நினைவுக்கு வரும். அப்படியானால் இந்தப் பிள்ளை யாருக்குக் கொடுக்க வேண்டும்? இரண்டு வரிக்கு முன்னால்தான் 'கூப்பிட்டால் வருவார்கள்; கூப்பிடவில்லை' என்று வீறாப்பாகச் சொன்னார். ஒருவரிடமும் உதவிக் கடன் வாங்காதவர் வாயில், அதே மூச்சில், கடன் என்ற சொல் வந்து விழுகிறது. ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பட்ட கடன்தான் அது. சொல்ல நினைத்தது பெருமிதம், உவமை கொண்டுவந்தது இழவு.

இன்னொரு சோதனையும் உண்டு, நான் அதிகம் நம்புவது இதைத்தான். உவமை எந்த இடத்தில் பொருந்தாமல் முறிகிறது என்று பாருங்கள். கடன் கொடுத்தவனிடம் கொடுத்துத் தீர்த்துவிடலாம். இந்தக் கடனைத் தீர்க்க ஆள் இல்லை. நல்ல உவமை எங்கே முறிகிறதோ அங்கேதான் வலி இருக்கும்.

பழைய உரையாசிரியர்கள் இந்தச் சோதனையைக் கறாராகச் செய்தார்கள். 'குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு' என்பது 338ஆம் குறள். குடம்பை என்றால் கூடு என்றுதான் சட்டென்று தோன்றும். பரிமேலழகர் ஒப்பவில்லை, முட்டை என்கிறார். கூடு பறவையோடு கூடவே தோன்றுவதில்லை, பறந்துபோன பறவை கூட்டுக்குத் திரும்பியும் வரும், ஆகவே உடம்புக்குக் கூடு உவமையாகாது என்பது அவர் வாதம். நீங்கள் அவர் பக்கம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கூட்டுக்குத் திரும்புமா திரும்பாதா என்று ஓர் உவமையை உலுக்கிப் பார்த்தாரே, அந்த உலுக்கலைக் கற்றுக்கொள்ளுங்கள். இழப்பைப் பேசும் உவமையில் 'திரும்பி வருமா' என்ற கேள்வியைவிட முக்கியமான கேள்வி வேறில்லை.

உருபு இல்லாதவை

புதுக்கவிதையின் அணிகளில் பாதி வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைகளுக்கு அடிக்கோடு போடுங்கள்.

'அப்பா பிடித்த ஏணியைச் சுவர் பிடித்துக்கொண்டிருக்கிறது.' ஒரே வினை இரண்டு முறை வருகிறது. அப்பா பிடித்தது அக்கறை, சுவர் பிடிப்பது வெறும் முட்டு. இலக்கணப்படி சொன்னால், ஒரே சொல் மீண்டும் வந்து வேறு பொருள் தரும் சொல் பின்வருநிலை அணி. அந்தப் பெயரை எழுதினால் ஒரு மார்க் கிடைக்கலாம். ஆள் இருந்த இடத்தில் சுவர் இருக்கிறது என்று சேர்த்து எழுதினால்தான் கவிதையைப் படித்தவர் என்று திருத்துகிறவருக்குத் தெரியும்.

'மழை வாசலில் நின்று என் கையையே பார்க்கிறது.' மழைக்குக் கண் இல்லை. மழை வரும்போல் இருக்கும் வானத்தின் மேல், பேசுகிறவர் தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்கிறார். இது தற்குறிப்பேற்ற அணி. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் 'வாரல்' என்று கைகாட்டி மறிப்பதுபோல் ஆடுகின்றன. காற்றில் கொடி ஆடுவது இயல்பு, 'வராதே' என்பது கவி ஏற்றியது. பள்ளியில் எல்லாரும் படித்த உதாரணம்தான். அதையே அளவுகோலாக வைத்து நம் வரியைப் பாருங்கள். அங்கே கொடி எச்சரிக்கிறது, வரப்போகும் இழப்பு அதற்குத் தெரிந்திருக்கிறது. இங்கே மழை என்ன செய்கிறது? கையைப் பார்த்து நிற்கிறது. அடுத்தவன் கையைப் பார்த்து நிற்பது என்றால் பிழைப்புக்கு அடுத்தவனை நம்பியிருப்பது. யார் கையையும் பார்க்க மாட்டேன் என்று ஏறியவருடைய கையை மழை பார்க்கிறது. இந்த வரியில் பெருமிதம் ஓங்கி நிற்கிறது, கொஞ்சம் குறும்பும் இருக்கிறது. இழப்புக் கவிதை முழுக்கச் சோகமாகவே இருக்க வேண்டும் என்று நினைத்துப் படிப்பவர்கள் இந்தக் குறும்பைத் தவறவிட்டுவிடுவார்கள்.

மூன்றாவது வினை 'உட்காரும்'. வெயில் விழும், படும், அடிக்கும், காயும். உட்காராது. தினமும் கூடத்தில் வந்து உட்காருவது யார்? கவிதை சொல்லவில்லை. முதல் வரியில் வந்த அப்பா அதற்குப் பிறகு எங்கும் வரவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகமாக்கி, மற்றொன்றை வாசகரிடம் விட்டுவிடுவது ஏகதேச உருவகத்தின் வழி. 'உட்காரும்' என்ற வினை வெயிலை ஆளாக்கிவிட்டது. எந்த ஆள் என்பது நம் பொறுப்பு.

முழுப்படமும் சேர்ந்து என்ன சொல்கிறது

இங்கேதான் அவசரம் ஆபத்து. 'ஏணி என்பது வாழ்க்கை, ஓடு என்பது குடும்பம், மழை என்பது துன்பம்' என்று சமன்பாடு எழுதி வருகிறார்கள். அப்படி எழுதினால் கவிதை வாய்ப்பாடு ஆகிவிடும். ஏணி முதலில் ஏணியாகவே இருக்கட்டும்.

குறியீட்டைத் தேடும்போது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொருள் கேட்காதீர்கள். செயலைக் கேளுங்கள். இந்தக் கவிதையில் நடக்கும் ஒரே பெரிய செயல், ஓட்டையை அடைப்பது. அந்த ஒரு செயலுக்கு இரண்டு விளைவு: மழை வராது, வெயிலும் வராது. 'இனி ஒழுகாது', 'இனி வழியில்லை' என்று இரண்டு 'இனி' வருவது அதனால்தான். தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையே மிச்சமிருந்த ஒன்றையும் வெளியே தள்ளிவிடுகிறது. தற்சார்பும் இழப்பும் இங்கே எதிரெதிரானவை அல்ல, ஒரே கையால் செய்யப்பட்டவை. முழுப்படம் சொல்வது இது.

அகப்பாடலில் உள்ளுறை உவமம் இப்படித்தான் வேலை செய்யும். வெளியே விலங்கோ பறவையோ ஏதோ செய்துகொண்டிருக்கும், உள்ளே தலைவன் தலைவியின் கதை ஓடும். குறளில் பிறிதுமொழிதல் உண்டு: மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைச் சொல்லி நிறுத்திக்கொள்வார் வள்ளுவர், சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டார். புதுக்கவிதையின் குறியீட்டுக்கு இவையெல்லாம் தாயாதி முறை. பெயர் எதை வைத்தாலும், வெளிக்கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அணியே இல்லாத கவிதை வந்தால்

வரும். இழப்பைப் பேசும் தமிழ்ப் பாட்டுகளில் எனக்குப் பிடித்த ஒன்றில் உவமை உருபே கிடையாது. பாரி மகளிர் பாடிய புறநானூறு 112:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தரெம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

ஐந்தே அடி. 'நிலவு போல்' என்றோ 'நெருப்பு போல்' என்றோ ஒன்றும் இல்லை. போன மாதமும் நிலா, இந்த மாதமும் நிலா. இந்த மாதிரிப் பாட்டில் 'அணி இல்லை' என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. மாறாமல் திரும்பி வந்தது எது, மாறிப்போனது எது என்று இரண்டு பத்தி போடுங்கள். ஒரு பக்கம் திங்களும் வெண்ணிலவும். மறுபக்கம் தந்தையும் குன்றும். நிலவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே இங்கே உவமையின் வேலையைச் செய்கிறது. 'வென்றெறி முரசின் வேந்தர்' என்ற அடைமொழியையும் விட்டுவிடாதீர்கள். அப்பனைக் கொன்றவர்களை மகள்கள் வெற்றி முரசோடு சேர்த்துச் சொல்கிறார்கள். இதைப் புகழ்ச்சியாகப் படிக்க எனக்கு வாய் வரவில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்வதையும் நம் மரபு அணியாகவே எண்ணியது. தண்டியலங்காரம் பொருளணிகள் 35இல் முதலிடம் கொடுப்பது உவமைக்கு அல்ல, தன்மை அணிக்கு. அதற்கு அடுத்துத்தான் உவமை.

சொல்லும் உவமையும் முரண்பட்டால்

முரண்பட்டால் சந்தோஷப்படுங்கள், எழுத விஷயம் கிடைத்துவிட்டது. புறநானூறு 192ஐ முதல் அடியோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. கணியன் பூங்குன்றனார் பதின்மூன்று அடி பாடியிருக்கிறார். இரண்டாம் அடி 'தீதும் நன்றும் பிறர்தர வாரா': தற்சார்பை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. அடுத்து, நோவதும் தணிவதும் அப்படித்தான், சாவு புதிதல்ல என்கிறார். பிறகு உவமை வருகிறது: 'நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்.' மின்னல், மழை, பாறையில் மோதி ஒலிக்கும் பேராறு, அதில் ஒரு தெப்பம். துடுப்பு பற்றிப் பேச்சே இல்லை.

எல்லாம் நம்மால்தான் என்றவர், துடுப்பில்லாத தெப்பத்தை ஏன் காட்டுகிறார்? வகுப்பில் இதைக் கேட்டால் ஒரு பக்கம் 'முரண்' என்பார்கள், இன்னொரு பக்கம் 'விதி' என்பார்கள். பாட்டின் முடிவைப் பார்க்கச் சொல்வேன். பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. தீமைக்குப் பிறரைப் பழிக்காதே என்ற தற்சார்பு, தெப்பத்தில் ஏறியதும் தற்பெருமையைக் கழற்றி வைத்துவிடுகிறது. உவமை இல்லாவிட்டால் இரண்டாம் அடியிலிருந்து கடைசி அடிக்குப் போக வழி கிடையாது. என் வாசிப்பு இது. நீங்கள் வேறாகவும் வாசிக்கலாம், ஆனால் தெப்பத்தைத் தொடாமல் வாசிக்க முடியாது.

எழுதும்போது

'இக்கவிதையில் உவமை அணி பயின்று வந்துள்ளது. கடன் கொடுத்தவன்போல என்பது உவமை. இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது.' இப்படி எழுதாதீர்கள். எந்தக் கவிதைக்கும் ஒட்டும் வாக்கியம் எந்தக் கவிதையையும் பற்றியது அல்ல.

மூன்றைச் சேர்த்து எழுதுங்கள்: வரி, ஒப்பு, அந்த ஒப்பு பேசுகிறவரைப் பற்றிக் காட்டிக்கொடுப்பது. உதாரணமாக: 'ஏணியின் முணுமுணுப்பைக் கடன் கொடுத்தவனின் முணுமுணுப்போடு ஒப்பிடுகிறார். யாரையும் உதவிக்குக் கூப்பிடாதவர் தனக்கு ஒரு கடன் இருப்பதை இந்த வினை உவமத்தில் வெளிப்படுத்திவிடுகிறார். ஏணியைப் பிடித்தவர் இப்போது இல்லாததால் அது தீர்க்க முடியாத கடன். தற்சார்பைப் பேசும் கவிதைக்குள் இழப்பு நுழைவது இந்த உவமையின் வழியாகத்தான்.' இதில் 'அழகு' என்ற சொல்லே வரவில்லை, பாருங்கள்.

தலைப்பைக் கடைசியில் படியுங்கள். 'ஓடு மாற்றிய நாள்' என்பது முதலில் வெறும் வேலைக் குறிப்பு. கவிதையை முடித்துவிட்டுத் திரும்பினால், அந்த நாள் எந்த நாளாக மாறியிருக்கிறது என்று ஒரு வாக்கியம் எழுத வரும்.

இரண்டு அணியை இந்த ஆழத்தில் எழுதினால் பக்கம் நிறைந்துவிடும். நேரம் மிச்சமிருந்தால் எதுகை மோனைக்கும் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள், அதற்கும் மார்க் உண்டு.